பாலத்தில் நிறுத்திய கழுதைப் படம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா நலம், அண்ணன் நலம், அவன் பிள்ளைகள் இரண்டும் நலம், மாடிப்படியில் வழுக்கி விழுந்த எதிர்வீட்டுத் தையல்காரர்கூட இப்போது நலம். நான் மட்டும்தான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே, சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். மனசுதான் சரியில்லை, அதற்குக் காரணம் நீ. உன் நலத்தை நான் இன்னும் விசாரிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய், அதைக் கடைசியில்தான் விசாரிக்கப் போகிறேன், ஏன் என்றும் அங்கேயே சொல்கிறேன். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், நடுவில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சளிக்கு என்ன மருந்து சாப்பிட்டாய் என்று ஆரம்பிப்பாள், நான் சொல்ல வந்தது காற்றோடு போய்விடும். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

சனிக்கிழமைச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. சாயங்காலம் ஒரு படம், வாரம் ஒருவர் முறை, முறைக்காரர் வைப்பதுதான் படம், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். நீ சின்னவனாக இருந்தபோது போட்ட சட்டம், இன்றைக்கும் மாறவில்லை, வாயை மூடிக்கொள்வது மட்டும் அன்றைக்கும் நடக்கவில்லை இன்றைக்கும் நடக்கவில்லை. உன் அம்மாவுக்குக் கொலை இருந்தால்தான் அது படம். பிணம் விழுந்த கையோடு இவன்தான் கொலைகாரன் என்று சொல்லிவிடுவாள், அது சரியாகவும் இருந்து தொலைக்கும், மீதி நேரம் நாங்கள் எல்லோரும் எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாது. உன் அண்ணனுக்கு அடிதடி, ஆனால் முதல் சண்டை முடிவதற்குள் குறட்டை, எழுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன் என்பான். உன் அண்ணிக்குச் சிரிப்புப் படம். அவள் நர்ஸ் பயிற்சிக்காக வெளியூர் போய்ச் சில மாதம் ஆகிறது, அவள் முறையையும் சேர்த்து உன் அம்மாவே எடுத்துக்கொள்கிறாள், அதனால் இப்போதெல்லாம் வீட்டில் அடிக்கடி கொலை. பிள்ளைகளில் சின்னவன், அதுதான் நம் உருளை, அவனுக்குச் சக்கரம் இருந்தால் போதும். லாரியோ ரயிலோ வந்தால் எங்கிருந்தாலும் ஓடி வருவான், மனுஷர்கள் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவான். பெரியவள் வக்கீல், எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற ஏழு வயசு, அவளுக்கு மிருகங்கள் இருக்க வேண்டும். எனக்கு யாரும் சாகாத படம் வேண்டும். ஊர்க் கட்டடங்களில் எல்லாம் லிஃப்ட் ரிப்பேருக்காகக் குழிக்குள் இறங்கித் தொங்குகிற ஆள், திரையில் ஒரு பூனைக்குட்டி நொண்டினால் எழுந்து ஓடுகிறார் என்று உன் அம்மா சொல்லாத உறவுக்காரர் கிடையாது. சொல்லட்டும், எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த வீட்டில் எல்லோரும் சண்டை இல்லாமல் பார்க்கிற படம் ஒன்றே ஒன்றுதான், அது கழுதைப் படம். மலை கிராமத்துக்கு மருந்து மூட்டை சுமந்து போகிற வெள்ளைக் கழுதை, பின்னாலேயே ஒரு சின்னப் பெண், வெள்ளம், கயிற்றுப் பாலம். அந்தப் பாலத்தில் கழுதை முன்னங்காலை வைக்கும்போது நான் படத்தை நிறுத்திவிடுவேன். உன் காலத்தில் கேசட், அந்த இடத்துக்கு மேல் நாடா சிக்கிக்கொள்ளும் என்று சொன்னேன். இவர்கள் காலத்தில் டிவிடி, அந்த இடத்துக்கு மேல் கீறல் என்று சொன்னேன். மீதியை நான் வாயால் சொல்வேன். கழுதை ஆடி ஆடிப் பாலத்தைக் கடந்துவிடும், அக்கரையில் ஊரே திரண்டு நிற்கும், மருந்து குடித்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடிவரும், கழுதை கழுத்தில் ஒரு மணி கட்டுவார்கள். நீ அந்தக் காலத்தில் மணி என்ன கலர் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய், நான் யோசித்து யோசித்துப் புதுசு புதுசாகச் சொல்வேன். இவள் கேட்டதெல்லாம் அந்த மணிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதுதான், வக்கீல் அல்லவா. ஏன் நிறுத்துகிறேன் என்பது எனக்கும் உனக்கும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பெரியவனான பிறகு எப்போதோ உனக்கு விஷயம் புரிந்திருக்கும், ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நீ வீடியோவில் பேசினாய் அல்லவா, அன்றைக்கு வக்கீல் அடுத்த வாரம் என் முறை, கழுதைப் படம் வைக்கப் போகிறேன் என்று உன்னிடம் குதித்துக்கொண்டு சொன்னாள். நீ யோசிக்கவே இல்லை. அதில் கழுதை செத்துப் போகுமே, நீ அழ மாட்டாயா என்று கேட்டாய். சாகாது சித்தப்பா, மணி கட்டுவாங்க என்றாள் குழந்தை. நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னாய், "அது தாத்தா கட்டின மணிடா செல்லம்." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என் தோள் உனக்குப் படத்தில் தெரிந்திருக்கும். போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் என்ன காரியம் செய்தாய் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்பாய் என்று பார்த்தால், "எனக்குப் பதினோரு வயசுலயே தெரியும்ப்பா, கூடப் படிக்கிறவன் வீட்டுல முழுசா பார்த்துட்டேன், நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சும்மா இருந்தேன்" என்றாய், ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி. பின்னாலிருந்து உன் அம்மா, அது எனக்கும் தெரியும், அவன் அன்றைக்கே என்னிடம் அழுதுகொண்டு வந்து சொல்லிவிட்டான் என்கிறாள். நான் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

யோசித்துப் பார். பதினோரு வயசுக்குப் பிறகும் எத்தனையோ சனிக்கிழமை நீ என் பக்கத்தில் உட்கார்ந்து மணி என்ன கலர் என்று கேட்டிருக்கிறாய். நான் என்னவோ குழந்தைக்குக் கதை சொல்வதாக நினைத்துக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். என் வீட்டிலேயே என்னை வைத்து நாடகம். உன் அம்மா கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறவள், அவள் அப்படித்தான். நீ என் கட்சி என்று இருந்தேனே. அன்றைக்கே வந்து அப்பா கழுதை செத்துப் போச்சாமே என்று என்னிடம் அழுதிருந்தால் நான் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க மாட்டேனா. நீ அழுவதற்கு என்னிடம் வரவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

அது நம் இரண்டு பேர் கணக்கு, போகட்டும். குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கே அவள் டிவிடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் எங்கே தாத்தா என்று கேட்டாள். நான் கண்ணுக்குத் தெரியாத கீறல் என்றேன். அவள் அதை உறையில் போட்டு வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றுகொண்டு, "அம்மா லீவுக்கு வருவாங்கன்னு சொன்னியே, அதுவும் நீ சேர்த்ததா?" என்று கேட்டாள். உன் அண்ணிக்குப் பயிற்சியை நீட்டித்துவிட்டார்கள், லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் வர முடியும், இது உனக்கும் தெரியும். குழந்தையிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், அதுவரை யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று அவள் கேட்டிருந்தாள். என் தொழில் உனக்குத் தெரியும், லிஃப்ட் நடுவில் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் முதல் வேலை கதவிடுக்கில் வாயை வைத்து வந்துவிட்டேன், ரெண்டே நிமிஷம் என்று சத்தம் போடுவதுதான். ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தாலும் ரெண்டு நிமிஷம்தான். வெளியே வந்தவர் யாரும் எங்கே உன் ரெண்டு நிமிஷம் என்று என் சட்டையைப் பிடித்ததில்லை. அதே வாயோடு, சேச்சே, அம்மா வந்துவிடுவாள் என்று சொல்லப் பார்த்தேன். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. தட்டில் வைத்ததைத் தள்ளி வைத்தாள், அம்மா போனில் வந்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், உருளை மட்டும் தன் லாரியைக் காட்டிக்கொண்டிருந்தான். உன் அண்ணி போனில், மாமா நீங்களா சொன்னீங்க என்று கேட்டாள், கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், மெதுவாகக் கேட்டாள். உன் அண்ணன் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளி வேன் எத்தனை மணிக்கு வரும் என்று நான் சொன்னால்கூட வக்கீல் போய்ப் பாட்டியிடம் சரிபார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறாள். நான் வளர்த்த குழந்தையடா அது. நீ அங்கே சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாய், இங்கே என் வார்த்தைக்கு இருந்த மதிப்பு மொத்தமும் போய்விட்டது.

சனிக்கிழமை அவள் முறை வந்தது. கழுதைப் படம்தான் என்றாள், ரிமோட்டை என் கையில் கொடுக்கவில்லை, தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் வந்தது. கழுதை முன்னங்காலை வைத்தது. அவள் தானே நிறுத்தினாள், என்னைப் பார்த்து, தாத்தா நீ வெளியில போய் நில்லு, முடிஞ்சதும் கூப்பிடறேன் என்றாள். உன் அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. நான் போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிப் படத்திலிருந்து ஒரு வயலின் கேட்டது, கழுதையை நான் காப்பாற்றின இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் காதில் விழாத வயலின். அப்புறம் சத்தம் நின்றது. அவள் வந்தாள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, சட்டை நுனி ஈரமாக. என் கையைப் பிடித்துக் குழாயை மூடினாள். "கழுதை சாகல தாத்தா. தண்ணில விழுந்துச்சு, ஆனா நீந்தி நீந்தி கரை ஏறிடுச்சு. சித்தப்பா சரியா பார்க்கல." அப்படியா, நல்லது கண்ணு என்றேன். மணி கட்டினார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கட்டினாங்க, பச்சை மணி என்றாள். பின்னால் உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்குத் தெரியும், அவள் சேர்த்ததுதான். நான் நம்பின மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டும்போதுதான், பதினோரு வயசில் நீ எப்படித் தலையை ஆட்டியிருப்பாய் என்று தெரிந்தது. அது லேசான வேலை இல்லை, கழுத்து வலிக்கிறது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மறுநாள் அவள் தன் அம்மாவோடு போனில் பேசினாள், என்னோடும் பேசுகிறாள், வேன் நேரத்தைப் பாட்டியிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். என்னை நம்பியா, இல்லை தாத்தா பாவம் என்றா, அது எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் நலம். வாராவாரம் நீ எல்லாம் நல்லா இருக்குப்பா என்கிறாய். வேலை நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, அடுத்த வருஷம் வருகிறேன். போன வருஷமும் இதையேதான் சொன்னாய். எப்போதும் அதே வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாய், அறையைத் திருப்பிக் காட்டு என்றால் உடனே சிக்னல் போய்விடுகிறது. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது என்று உன் அம்மா சொன்னபோது வெளிச்சம் அப்படி என்றாய், நானும் ஆமாம் வெளிச்சம்தான் என்று அவளை அடக்கினேன். நீ பதினோரு வயசிலிருந்து அப்பாவால் தாங்க முடியாது என்று சொல்லாமல் மறைக்கிறவன் என்று எனக்கு இப்போதுதானே தெரியும். நீ எனக்கு எந்த இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறாய்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் இல்லை. போனில் சொல்லாதே, எழுது. வேலை இல்லை என்றால் இல்லை என்று எழுது, உடம்பு சரியில்லை என்றால் அதை எழுது, தனியாக இருக்க முடியவில்லை என்றால் அதையும் எழுது. எது நடந்திருந்தாலும் பாலத்துக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுது. இந்த முறை நான் எழுந்து சமையலறைக்குப் போக மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று உன் அம்மாவும் நானும் மனசாரச் சொல்கிறோம், எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் வேறு, இது வேறு. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. அடுத்த தடவை வக்கீலோடு பேசும்போது, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், கழுதை கரையேறிவிட்டது என்று அவளிடம் ஒத்துக்கொள். அவள் கேட்டால் மணி பச்சை.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா