வாஃபிளும் மெல்லிய கேபிளும்

சிக்ரிட்,

மின்வேலை தெரிந்த அஸ்லாக்கை அழைத்துவரப் படகில் போகிறேன். வாஃபிள் மாவு ஜன்னலோரம் இருக்கிறது. பழுப்புச் சீஸை வெட்டிவை. அதைப் பழைய இரும்பு அச்சில் ஊற்றி, கேஸ் அடுப்பில் சுடு. நீ ஊரிலிருந்து கொண்டுவந்த மின்சார வாஃபிள் அச்சை இன்வெர்ட்டரில் செருகாதே.

அதை நிறுத்தச் சொன்னதற்கு, “இன்வெர்ட்டர் பெட்டியில ஆயிரம் வாட்டுன்னு போட்டிருக்கு, என்னுது எண்ணூறுதான். அப்பா பேயா வந்து உனக்குள்ள உக்காந்துட்டாராம்மா?” என்று கேட்டுவிட்டுக் கதவை அறைந்துகொண்டு மாடிக்குப் போனாய். உன் கணக்கு சரிதான். அதனால்தான் யோசித்தேன். அப்பா எதைச் செருகினாலும் பேட்டரிக் கேபிளைத் தொட்டுப் பார்ப்பார். ஏன் என்று அவர் இருந்தவரை நான் கேட்டதில்லை. நீ போனதும் நானும் தொட்டேன். ஒரே ஒரு வாஃபிள்தான் வெந்திருந்தது, அதற்குள் கேபிள் சுட்டது.

பேட்டரி பன்னிரண்டு வோல்ட். இன்வெர்ட்டர் அதை இருநூற்று முப்பதாக்குகிறது. அதனால் பேட்டரிப் பக்கம் ஏறக்குறைய இருபது மடங்கு மின்னோட்டம் ஓடியாகவேண்டும். பெட்டி தாங்கும். விளக்குக்கும் ரேடியோவுக்குமாக அப்பா போட்ட மெல்லிய கேபிள் தாங்காது. நாம் இருப்பது மரவீடு.

அஸ்லாக் தடித்த கேபிள் கொண்டுவருகிறார். பேட்டரியைக் கழற்றிவிட்டு மூவருமாக மாற்றுவோம். பிறகு உன் மின்சார அச்சிலேயே சுடு.

அம்மா

இன்னொன்று: உன் ஈரச் சாக்ஸ் இன்வெர்ட்டரின் காற்றுத் துளைகளை மூடிக்கிடந்தது. அப்பாவின் பேயாக இருந்தால் ஏரியில் வீசியிருக்கும். நான் கொடியில்தான் போட்டிருக்கிறேன்.