கால்மாட்டில் இரண்டு தலையணை

புரட்டாசி கடைசிச் செவ்வாய், இரவு.

எங்கள் அணி எதையோ மறைக்கிறது. பாவாடை கட்டிய வயதிலிருந்து சேலம் கூடைப்பந்து அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அந்த அணியே இப்போது பயிற்சிக்கு ஏற்காடு வந்து, நான் அறை சுத்தம் செய்யும் ஓட்டலில் தங்கியிருக்கிறது. மூன்று நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்று கேப்டனின் அறைக்குப் போனேன். இரண்டு தலையணையும் கால்மாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் கால் அழுந்திய பள்ளம். மெத்தையில் ஐஸ் உருகிய ஈரம். மாடி அறை வேண்டாமென்று அவன் கீழே மாறிக்கொண்டது ஏனென்று அப்போதுதான் உறைத்தது. காலைப் பேப்பரில் கோச் சொல்லியிருக்கிறார்: கேப்டனின் முழங்கால் முழுசாகக் குணமாகிவிட்டதாம், இந்த சீசன் கோப்பை நமக்குத்தானாம்.

குளித்துவிட்டு வந்த கேப்டனிடம் கேட்டே விட்டேன். "ஏன் கண்ணு, முட்டி இன்னும் நோவுதா?"

"அதெல்லாம் இல்லீங்கக்கா, நல்லா இருக்குதுங்க," என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலில் உட்கார்ந்தான். "இன்னொரு தலவாணி மட்டும் கெடைக்குமுங்களா?"

முதல் ஆட்டத்துக்குப் பத்தே நாள். யாரை ஏமாற்றுகிறார்கள்?

வேலை முடிந்து கிளம்பும்போது வாட்ச்மேன் கேட்டார். "ஏனுங்க, நீங்கதான் பக்கத்துல இருந்து பாக்கறீங்க. நம்ம டீமு இந்தத் தடவ கப்பு அடிச்சிருமுங்களா?"

"அடிச்சிருமுங்க," என்றேன். "கேப்டன் நொம்ப நல்லா இருக்கறாருங்க."

மூன்றாவது தலையணையைப் போர்வைக்குள் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.