ரஹீமா பார்த்த மீதிப் பாதி

அன்புள்ள ரஹீமாவுக்கு,

இந்த ஆண்டு பார்த்த படங்களில் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றி எழுதித் தரும்படி இந்த இதழின் ஆசிரியர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, பிடித்த படம் எது என்று இத்தனை ஆண்டுகளில் உன்னைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும்.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. உன் மாமியார் நலம். அதாவது நீ விட்டுப்போனபோது எப்படிப் படுக்கையில் இருந்தாரோ அப்படியே இருக்கிறார். கீழ்மாடியிலிருந்து உன் தங்கை ஜமீலா தினமும் ஏறி வந்து பார்த்துக்கொள்கிறாள். தேக்கா உணவங்காடியில் நம் மேசைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை மாற்றிவிட்டார்கள். இஞ்சித் தேநீர்க் கடைக்காரர் என்னைத் தனியாகப் பார்த்துவிட்டு, "கூட்டாளி எங்க?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இப்போது போகும்போதெல்லாம் நீ எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கிறார்.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை அந்த மேசையில் ஆளுக்கு மூன்று படம் சொல்வோம், நினைவிருக்கிறதா? மற்றவள் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். நான் ஒவ்வொரு வருடமும் புதிதாக எதையாவது யோசித்துக் கேட்பேன். நீ எல்லா வருடமும் ஒன்றையேதான் கேட்டாய்: "திரும்பப் பார்ப்பியா?"

முதலாவது ஒரு மலாய்ப் படம். அண்ணன் தம்பி இருவர் ஜொகூரிலிருந்து காய்கறி லாரியில் சிங்கப்பூருக்குக் கிளம்பிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்கிறார்கள். படம் முழுக்க லாரிக்குள்ளேயே நடக்கிறது. கீரை வாடுகிறது, பரம்பரை வீட்டை விற்பதா வேண்டாமா என்ற சண்டை முற்றுகிறது, முன்னால் நிற்கும் வண்டி மட்டும் நகரவில்லை. நீ இருந்திருந்தால் அரை மணியில் தூங்கியிருப்பாய். திரும்பப் பார்ப்பேனா? பார்ப்பேன்.

இரண்டாவது தைவானியப் படம். மெத்தைக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண். வாங்க வருகிறவர்கள் மெத்தையில் படுத்துப் பார்ப்பார்களல்லவா, படுத்ததும் வாய் திறந்துவிடுகிறார்கள். கடன், கள்ள உறவு, பிள்ளை பேசுவதில்லை என்று எல்லாம் வருகிறது. அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு, "இது கொஞ்சம் கெட்டியாக இருக்கும், முதுகுக்கு நல்லது" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். வெளியே வந்து பேருந்தில் ஏறிய பிறகு சிரிப்பு வரவில்லை. திரும்பப் பார்ப்பேனா, தெரியாது.

மூன்றாவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். அதற்கு முன் நம் பழக்கத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

சென்னையிலிருந்து வரும் படங்களில் பாதியில் 'இடைவேளை' என்று எழுத்து விழும். நாம் போகும் அரங்கில் விளக்குப் போட மாட்டார்கள், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுத்து சில நொடி நின்றுவிட்டுப் போய்விடும், அடுத்த காட்சி தொடங்கிவிடும். அந்தச் சில நொடிக்குள் நாம் முடிவு செய்ய வேண்டும், இருப்பதா போவதா என்று. நான் இடப்பக்கம் திரும்புவேன். நீ என் காதருகே வந்து, "போலாமா?" என்பாய். பல நாள் நான் திரும்புவதற்கு முன்பே சொல்லிவிடுவாய். அடுத்தவர் முழங்கால்களைத் தாண்டி, சாரி சாரி என்று வெளியே வந்து, சிராங்கூன் சாலை வெயிலைக் கடந்து தேக்காவுக்கு வந்து உட்காருவோம்.

உன்னைவிட இரக்கமில்லாத ரசிகையை நான் பார்த்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் மற்றவர்கள் சொல்வதைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவள் நான். உன் 'போலாமா'வை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இந்த வருடம் தனியாகப் போனேன். இடைவேளை எழுத்து விழுந்ததும் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. அங்கே யாருடைய பையோ இருந்தது. தனியாக எழுந்து அத்தனை முழங்கால்களைத் தாண்டுவதற்குக் கூச்சமாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன். அப்படித்தான் மூன்றாவது படம் கிடைத்தது. முதல் பாதியில் அடிதடி, பன்ச் வசனம், வெளிநாட்டில் பாட்டு. நீ இருந்திருந்தால் இடைவேளைக்கு முன்பே கைப்பையைத் தோளில் மாட்டியிருப்பாய். இரண்டாம் பாதியில் நாயகனுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை, குரல் போய்விடுகிறது. எழுதிக் காட்டவும் மறுக்கிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்று மனைவி ஊகித்துக்கொண்டே இருக்கிறாள்: தண்ணீரா, போர்வையா, ஜன்னலைச் சாத்தட்டுமா? ஒவ்வொன்றுக்கும் அவன் இல்லை என்று தலையாட்டுகிறான். கடைசிவரை அவளுக்கும் தெரியாது, நமக்கும் சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் கேலி செய்திருப்பாய் என்றுதான் அன்று நினைத்தேன்.

போன மாதம் உன் வருட நினைவு ஃபாத்திஹாவுக்கு வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். ஓதி முடிந்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் பரிமாறிக்கொண்டிருந்தபோது காதர் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உன் பேச்சை எடுக்க வேண்டும், எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. உன் கணவருக்கு அது என்றுமே வராது.

"சுமதி, அந்த அண்ணன் ஜெயில்ல இருப்பான், தங்கச்சி கல்யாணத்துக்கு வருவானே, அந்தப் படம் இந்த வாரம் டிவில போடுறான். ரஹீமாவுக்கு அது உயிரு. தியேட்டர்லயே மூணு தடவ பாத்தா."

"அந்தப் படமா? நாங்க பாதியிலயே எழுந்து வந்துட்டோமேண்ணே."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜமீலா சிரித்துவிட்டாள்.

"மச்சான், அது சுமதி அக்காகூட முதல் பாதி. மறுநாள் என்கூட முழுசு. அப்புறம் உங்கள இழுத்துட்டுப் போச்சு. கிளைமாக்ஸ்ல ராத்தா அழுத அழுகையில முன் சீட்டு ஆளு திரும்பி டிஷ்யூ குடுத்தாரு." உன்னை ராத்தா என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் இன்னும் சிறுபிள்ளைக் குரலாகிவிடுகிறது.

"அந்த ஒரு படம்தானா?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் பாதில வந்த படம் எல்லாமே லா."

சாப்பாட்டு மேசையில் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுக்களையில் தட்டு கழுவும்போது ஜமீலாவிடம் கேட்டேன், அவ்வளவு பிடித்திருந்தால் ஏன் எழுந்து வந்தாள் என்று. அவள் குழாயை மூடிவிட்டுப் பதில் சொன்னாள்.

"என்னக்கா, படிச்சவங்க இப்படிக் கேக்குறீங்க. படம் எப்ப முடியும்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். அதுவரைக்கும் யாரும் போன் அடிக்க மாட்டோம். மாமிக்கு மருந்து எங்கன்னு கேக்க மாட்டோம். பாதில வந்தா மீதி நேரம் அவங்களோடது. சும்மா டீ குடிக்கப் போறேன்னு மாமிகிட்ட சொல்லிட்டுக் கிளம்ப முடியுமா? நான் போனாலே எங்க எங்கன்னு கேப்பாங்க. படம்னா கேக்க மாட்டாங்க."

"இத அவளே சொன்னாளா?"

"சொல்லல. எனக்குத் தெரியும்."

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? போனவர்களுக்கு ஓர் அழகான காரணத்தைச் செய்து கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அலுவலகத்தில் இப்படி ஒரு சாட்சி வந்தால் ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த மேசையை நினைத்துப் பார்க்கிறேன். முதல் பத்து நிமிடம் படத்தைக் கிழிப்போம். அதன் பிறகு நீ படத்தைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் காலை நீட்டிக்கொள்வாய். மாமியாரின் புண் ஆறாததைச் சொல்வாய், நம் பல்கலைக்கழக விடுதியில் சாம்பார் என்று ஊற்றியதைச் சொல்வாய். சில நாள் எதையும் சொல்லாமல் மீன் கடைக்காரர்கள் ஐஸ் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

எனக்கு வந்தது கோபம்தான் ரஹீமா. பிடித்த படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லித்தான் என்னோடு டீ குடிக்க வேண்டுமா? என்னிடமே நேராகக் கேட்டிருந்தால் படத்துக்கே போயிருக்க வேண்டாமே. இல்லை, படமும் வேண்டும், டீயும் வேண்டும், இரண்டும் ஒரே டிக்கெட்டில் கிடைக்காது என்று கணக்குப் போட்டாயா? உன் தீர்ப்பை நம்பி நான் வெறுத்துவைத்திருக்கும் படங்களை இப்போது என்ன செய்வது?

இந்தக் கோபத்தில் சில வாரம் இருந்தபோதுதான் நம் கடைசிப் படம் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு நாய்க்குள் பேய் புகுந்துகொண்டு பேசும். நாம் பார்த்ததிலேயே மோசமான படம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. எழுத்து விழுந்தது. அன்று நான்தான் முதலில் "போலாமா?" என்றேன். நீ திரையைப் பார்த்தபடியே, "இல்ல, இருப்போம்" என்றாய்.

ஆச்சரியமாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை. கடைசி எழுத்து ஓடி முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும், "மாமி தேடுவாங்க, வரேன்" என்று ரயிலுக்கு இறங்கிவிட்டாய். மருத்துவமனையிலிருந்து உன் பரிசோதனை முடிவு வந்தது அதே வாரம்தான் என்று பிறகு ஜமீலா சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டையும் இத்தனை நாள் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

தேக்காவுக்கு வந்து உட்கார்ந்தால் என்னிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத்தான் அந்த நாயை அவ்வளவு நேரம் பார்த்தாயா? அல்லது பேசவே தேவையில்லாமல் இருட்டில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும் என்று நினைத்தாயா? அன்று நீ சிரித்தாயா என்று யோசித்துப் பார்க்கிறேன். நாய் பேசியபோதெல்லாம் அரங்கமே சிரித்தது. உன் சிரிப்பு அதில் இருந்ததா என்று தெரியவில்லை. நான் உன் பக்கம் திரும்பவில்லை, எழுத்து விழும்போது மட்டும்தானே நான் திரும்புவேன்.

ஜமீலா சொன்னது சரியென்றால், அந்த நேரம் உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் சரி, கடைசியில் அதையே நீ வேண்டாமென்றாய் என்பதும் சரி. இதில் எதை வைத்து நான் ஆறுதல் அடைவது?

அன்று வாசலில் செருப்பு மாட்டும்போது ஜமீலா கேட்டாள்: "அக்கா, இனிமே படத்துக்குப் போனா சொல்றீங்களா? நானும் வரேன். மச்சான் சனிக்கிழமை மதியம் கடைய மூடிட்டு மாமியப் பாத்துக்குறேன்னு சொல்லியிருக்காரு." நான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அனுப்பிய செய்திகளுக்கும் பதில் போடவில்லை. நேற்றுத்தான் போட்டேன். இந்தச் சனிக்கிழமை, மதியக் காட்சி, இரண்டு டிக்கெட். அவள் உடனே பதில் எழுதினாள்: "படம் நல்லா இருக்குமா அக்கா?"

இருக்கும் என்றுதான் சொல்கிறார்கள். இடப்பக்க இருக்கையை அவளுக்குப் போட்டிருக்கிறேன். எழுத்து விழுந்ததும் நானே, "போலாமா?" என்று கேட்பேன். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட்பேன். அவள் வந்தால் நம் மேசைக்குக் கூட்டிப்போய், எதிர் நாற்காலியை அவள் கால் நீட்ட விட்டுவிட்டு, நீ ஊருக்குப் போகவில்லை என்று கடைக்காரரிடம் சொல்வேன். "இல்ல அக்கா, இருப்போம்" என்று அவள் சொன்னால் இருப்பேன். ஆனால் இந்த முறை திரையைப் பார்க்க மாட்டேன், அவள் முகத்தைப் பார்ப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் வலப்பக்கத்து இருக்கைச் சகோதரி,
சுமதி