பேஸ் இல்லாத ஏழாவது ஆல்பம்

மார்ச் 3

பாடகர் அவர்களுக்கு,

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக நம் மகள் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீராகக் குடியுங்கள். மற்றபடி இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. திருப்பிக் கத்த முடியாத மனுஷனிடம் போனில் சண்டை போடுவது நியாயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் புது ஆல்பப் பெட்டியின் மாதிரியை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது வருஷத்தில் நம் பேண்ட் போட்ட பதினான்கு ஆல்பங்களில், 'கேட்டே ஆக வேண்டிய ஐந்து' என்று நீங்கள் பொறுக்கிக் கொடுத்ததாம். நாம் மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே வரும். டிரம்ஸ்காரர் போட்டுவிட்டார். அவர் எதை நீட்டினாலும் போடுவார். நான் போடவில்லை.

ஏழாவது ஆல்பத்தைத் தூக்கி நட்டநடுவில் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பத்துப் பாட்டும் என்னைத் திட்டி எழுதியது என்று ஊருக்கே தெரியும். 'ஐஸ்பெட்டி' என்று ஒரு பாட்டு, 'பூட்டின கதவு' என்று ஒரு பாட்டு, பாவம் என் அம்மாவைக்கூட விடாமல் ஒரு பாட்டு. அத்தனையையும் இருபத்தாறு வருஷமாக மேடை மேடையாக உங்கள் இடது பக்கம் நின்று நானே பேஸ் கிட்டாரில் வாசித்திருக்கிறேன். விவாகரத்து ஆன மறுவாரம்கூட வாசித்தேன். அது பழகிவிட்டது.

ஆனால் கூடவே வரும் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? "இந்த ஆல்பம், நான் தன்னந்தனியாகச் சுமந்த வலி." தன்னந்தனியாகவா? அப்போது உங்கள் பக்கத்தில் நின்றது யார், மைக் ஸ்டாண்டா? படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கீழே சலவைக்கடையில் மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி நான் போட்ட கூச்சலைக் கேட்டுக் கடைக்காரம்மா மாடியேறி வந்துவிட்டார். "என்னங்க ஆச்சு, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, இருக்காரு. அதான் பிரச்சினை" என்றேன்.

கையெழுத்து கிடையாது.

கட்டைவிரல்


மார்ச் 11

அன்புள்ள கட்டைவிரலுக்கு,

மற்ற விரல்கள் இருக்க, பேஸ் கிட்டாரைக் கட்டைவிரலாலேயே வாசிக்கிறாயே என்று நான் வைத்த பெயர். அதில்தான் இன்னும் கையெழுத்துப் போடுகிறாய். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

டீ வேண்டுமென்றால்கூட ஸ்லேட்டில் எழுதிக் காட்டித்தான் வாங்கிக் குடிக்கிறேன். மகளிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். போன தடவை போனபோது டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "பேசலாம் சார், கொஞ்ச நாள்ல நல்லாவே பேசலாம். பாட்டு மட்டும் வேண்டாம்" என்றார். இனி எனக்கு மிஞ்சுவது பாடி வைத்ததுதான். இந்தப் பெட்டிதான். அதில் போய் நீ கை வைக்கிறாயே.

ஒரு சொல்லுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்? எழுதுவதற்கு ஒரு தோரணை வேண்டாமா? அந்த ஆல்பத்தைக் கேட்டு அழாதவர்கள் யார்? போன வருஷம் ஏர்போர்ட்டில் ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், என் டைவர்ஸை நான் தாண்டி வந்ததே அந்தப் பாட்டைக் கேட்டுத்தான்" என்றார். அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்வது, என் பழைய மனைவிக்கு மனமில்லை என்றா?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த நாளில் நீ ஒரு வார்த்தை சொன்னதுண்டா? வந்தாய், ட்யூன் பண்ணினாய், வாசித்தாய், போனாய். முகத்தில் ஒன்றுமே தெரியாது. ஐஸ்பெட்டி என்று சும்மாவா எழுதினேன்? பழசைக் கிளறாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூன் மாதம் வெளியீட்டு விழா. நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

என்றும் உன் நலம் கோரும்
கரடி

(குரலுக்கு நீ வைத்த பெயர்தானே. 'பாடகர் அவர்கள்' எல்லாம் வேண்டாம்.)


மார்ச் 16

பாடகர் அவர்களுக்கே,

ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்று கேட்கிறீர்கள். சமையலறையில் சொன்னேன். கச்சேரிக்குப் போகிற வேனில் சொன்னேன். நீங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டினீர்கள். நான் சொன்னதற்குத்தான் தலையாட்டுகிறீர்கள் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஸ்டுடியோவில் சொல்லவில்லை, அது வாஸ்தவம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அந்த அறை ஞாபகம் இருக்கிறதா? தனித்தனியாகப் பதிவு செய்தால் உயிர் இருக்காது, மூன்று பேரும் ஒரே அறையில் நின்று ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நீங்கள்தான். 'ஐஸ்பெட்டி'யை முதல் தடவை பாடிக் காட்டினீர்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என் காதோரம் வந்து, "அக்கா, இது உங்களைப் பத்தியா?" என்று கேட்டார்.

"அது கிடக்கட்டும் தம்பி. மூணாவது வரியில அரைத் தாளம் குறையுது, அதைப் பாரு" என்றேன்.

நிஜமாகவே குறைந்தது. என்னைத் திட்டுகிற பாட்டு நொண்டிக்கொண்டு நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை. அந்த ஓட்டையை அடைக்க ஒரு பேஸ் வரி போட்டேன். இன்றைக்கு ஜனங்கள் பஸ்ஸில் முணுமுணுப்பது அந்த வரியைத்தான், உங்கள் திட்டை இல்லை. எந்தப் பைத்தியக்காரியாவது இப்படிச் செய்வாளா? அடிக்க வந்த கம்பை வாங்கி, நன்றாகச் சீவி, திரும்பக் கையில் கொடுத்திருக்கிறேன்.

முகத்தில் ஒன்றும் தெரியாதாம். பேஸ் வாசிக்கிறவள் முகத்தில் காட்டினால் தாளம் போய்விடும். நீங்கள் அழுதுகொண்டே பாடலாம், கைதட்டுவார்கள். நான் அழுதால் பாட்டே நின்றுவிடும்.

சரி, ஒரு வழி சொல்கிறேன். ஒரே அறையில் வாசித்தாலும் என் பேஸுக்கென்று தனி மைக், தனி ட்ராக் இருக்கிறது அல்லவா? ஏழாவது ஆல்பத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள். தன்னந்தனியாகச் சுமந்தவர் தன்னந்தனியாகவே பாடட்டும். அப்படி வெளியிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

மகள் வந்திருக்கிறாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து இதைப் படித்துவிட்டு, "டைவர்ஸ் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஏம்மா ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி சண்டை போடறீங்க?" என்கிறாள். அவளுக்குப் பாட்டெழுதாத மாப்பிள்ளை வாய்த்திருக்கிறார். அவளுக்கு என்ன தெரியும்.

கட்டைவிரல்


மார்ச் 22

கட்டைவிரலுக்கு,

அப்படியே ஆகட்டும். என் குரல் யாருடைய முட்டும் இல்லாமல் நிற்கும். நாலு கம்பியைத் தட்டிவிட்டு மொத்தப் பாட்டும் தன்னுடையது என்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சவுண்ட் இன்ஜினியரிடம் நாள் குறித்துவிட்டேன். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்.

கரடி


ஏப்ரல் 9

அன்புள்ள கட்டைவிரலுக்கு,

சொன்னபடி செய்தேன். சவுண்ட் இன்ஜினியர் பழைய டேப்களைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். உன் ட்ராக்கை மூடிவிட்டு முதல் பாட்டை ஓடவிட்டார்.

எப்படிச் சொல்வது. ஒருத்தன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொண்டாட்டியைத் திட்டுவதுபோல இருந்தது. டிரம்ஸ் ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். ஸ்லேட்டில் 'அடுத்தது' என்று எழுதிக் காட்டினேன். 'ஐஸ்பெட்டி' வந்தது. நீ சொன்ன அதே மூன்றாவது வரியில் தடுக்கி விழுந்தேன். இத்தனை காலம் நான் தாளத்தோடு பாடுகிறேன் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் தாமதமாகத்தான் வந்திருக்கிறேன். நீ காத்திருந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

பாட்டின் நடுவே, எங்கோ தூரத்தில், பேஸ் லேசாகக் கேட்டது. 'அவளை மூடவில்லையா?' என்று எழுதிக் காட்டினேன்.

"மூடிட்டேன் சார். ஒரே ரூம்ல நின்னு பாடினதால அவங்க சத்தம் உங்க மைக்லயும் விழுந்திருக்கு. அவங்களை முழுசா எடுக்கணும்னா உங்களையும் சேர்த்துத்தான் எடுக்கணும்" என்றார்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. உன்னை ஐஸ்பெட்டி என்றேன். என்னைத் தாங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துப் பத்துப் பாட்டுத் திட்டியிருக்கிறேன், அதற்கு அவார்டும் வாங்கியிருக்கிறேன்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். ஏழாவது ஆல்பத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். நான்கு போதும் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். கம்பெனிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும். இனி எந்தக் கடையிலும் எந்தக் காரிலும் உன்னைத் திட்டும் பாட்டு ஒலிக்க வேண்டாம். உனக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

விழாவுக்கு மட்டும் வந்துவிடு. டாக்டர் நாலு வரி பேச விட்டால், நாலும் உன்னைப் பற்றித்தான் பேசுவேன்.

உன்
கரடி


ஏப்ரல் 14

பாடகர் அவர்களுக்கு,

யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

பாதிக் கடிதம்வரை மனசு இளகியது உண்மை. நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்ததைப் படித்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அடுத்த வரியிலேயே, எனக்காகவாம், எடுத்துவிட்டாராம். கோபம் வந்தால் என்னைப் பிடித்துப் பாட்டில் போடுவீர்கள். இரக்கம் வந்தால் பெட்டியிலிருந்து தூக்கி வெளியே போடுவீர்கள். நடுவில் 'உனக்கு என்ன வேண்டும்' என்று ஒரு கேள்வி உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அதை நீங்கள் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் வாசித்ததிலேயே நல்லது அந்த ஏழாவது ஆல்பம்தான். நீங்கள் வாயால் சொன்னதற்கெல்லாம் நான் விரலால் பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற நான்கிலும் நான் உங்களுக்குப் பின்னால் நிற்கிறேன், அவ்வளவுதான். இதை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டியில் நான் எங்கே இருக்கிறேன்? பாட்டு உங்களுடையது, திட்டும் உங்களுடையது. ஆல்பம் என்னுடையது. என்னுடையதைத் தூக்கிக் கொடுத்துத் தியாகம் செய்ய உங்களுக்கு யார் உரிமை தந்தார்கள்?

பேஸை எடுக்கச் சொன்னது, ஒரு தடவை காதால் கேட்டால் உறைக்கும் என்றுதான். அந்த அலங்கோலத்தை நீங்கள் வெளியிடக் கிளம்பியிருந்தால் நானே வந்து தடுத்திருப்பேன்.

மரியாதையாகத் திரும்ப வையுங்கள். பேஸ் சத்தத்தைக் குறைக்காமல் வையுங்கள். போன மறுபதிப்பில் நைசாகக் குறைத்தது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். புத்தகத்தில் அந்த ஆல்பத்துக்கான பக்கத்தை நீங்கள் எழுத வேண்டாம். நான் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஓர் எழுத்தை மாற்றாமல் போட்டால், கூடவே இருக்கும் என் கையெழுத்து செல்லும். மாற்றினால் செல்லாது. மகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

விழாவுக்கு நான் வரவில்லை. அந்த நாலு வரியை மிச்சம் பிடித்துத் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தொண்டைக்கு இப்படி ஆனதில் எனக்கு வருத்தம்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாரம் எனக்குப் பாட்டுப் பதிவு இருக்கிறது. டிரம்ஸ்காரர் தன் செட்டை என் அறைக்கு ஏற்றிவிட்டார், அவர் மனைவி கீபோர்டு வாசிக்கிறார். விடுமுறை நாளில் மெஷினை ஓட்டுவதில்லை என்று கடைக்காரம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். பாட்டெல்லாம் நான் எழுதியது. பாடுவதும் நான்தான். பெரிய குரல் ஒன்றும் இல்லை, ஆனால் தாளத்தில் நிற்கிறது.

எல்லாவற்றையும் பாடிக் காட்டினேன். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இதுல அண்ணனைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?" என்றார்.

மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

கட்டைவிரல்