தரையைப் பார்த்த விமானங்கள்

சனிக்கிழமை, ராத்திரி

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குழந்தைகள் பனியனுக்கு வந்த துணி. போர் விமானங்கள் அம்பு மாதிரி அணிவகுத்துப் பறக்கிற பிரிண்ட். துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கட்டிங் மாஸ்டர் பாதியைத் தலைகீழாகப் போட்டு வெட்டிவிட்டார். செக்கிங்கில் முதலில் பார்த்தது நான்.

"ஏனுங்க மாஸ்டர், இதெல்லாம் கீழ விழுகுதுங்களே?"

"நேரா மட்டும் போறது பழைய தலைமுறை விமானமுங்க அக்கா. இது புதுசு, தலைகீழாவும் போகும். சூலூர் விமானப்படைத் தளத்துல சாகசம் பார்த்ததில்லீங்களா?"

"பார்த்தனுங்க. புதுசோ பழசோ, தரை கிட்ட வந்தா மூக்கைத் தூக்குமுங்க. உங்களுது தூக்கவே மாட்டேங்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "உங்க கேலிக்கு அளவே இல்லீங்க அக்கா" என்று அவரும் சிரித்தார். தினமும் சிரிக்கவைத்த பாவம், ஒருவர்கூட எழுந்து வந்து துணியைப் பார்க்கவில்லை. சாயங்காலம் பெட்டியெல்லாம் லாரி ஏறிவிட்டது.

சரக்கு திரும்பி வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். எல்லாம் சரி என்று செக்கிங் சீட்டில் கையெழுத்துப் போட்டது நான்தானே. மாஸ்டர் பேனாவை நீட்டினார். சிரித்துக்கொண்டேதான் போட்டேன்.