மீசைக்குக் கட்டம் இல்லாதது குறித்து எகிப்திலிருந்து எழுதியது

மழை பொய்யாது நிற்க. முத்தாறு கரை மீறாது நிற்க. அரண்மனை வாயிலில் ஓலை வாசிப்போன் தொண்டை கட்டாது நிற்க.

மூன்று புறமும் கடல் காவல் செய்ய நான்காம் புறத்தைத் தம் பார்வை ஒன்றினாலேயே காப்பவர். பகைவரின் முதுகை மட்டுமே கண்டு பழகியமையால் அவர்தம் முகம் இன்னதென அறியாதவர். பக்கத்துக்கு இரண்டு முறுக்காக நான்கு முறுக்குடைய திருமீசைக்கு உரியவர். முத்தாற்று நாட்டின் முழுநிழல், நெடுங்கோ அடலரையப் பெருமான் திருவடிகளுக்கு, எகிப்து நாட்டில் மூன்றாண்டாக வெயில் காயும் தூதன் ஆதன் சேந்தன் தலைமேல் கை குவித்து விடுக்கும் ஓலை. அரண்மனை நலம், ஆனைக்கொட்டில் நலம், அடுக்களை நலம் என்று நம்புகிறான். தூதனின் நலம் பின்னே வரும்.

பெருமானுக்கு எழுதும் ஓலையில் ‘நான்’ என்ற சொல்லைக் கீறலாகாது என்பது அரண்மனை விதி. ஆகவே இவ்வேடுகளில் அல்லல்படுகிறவன் எல்லா இடத்திலும் தூதன் என்றே குறிக்கப்படுவான். அயல்நாட்டார் சொல்லைப் பூசி மெழுகாமல் சொன்னது சொன்னபடி எழுதுக என்பது பெருமானின் தனி ஆணை. ஆகவே இதில் தென்படும் மரியாதைக் குறைவுகள் தூதனுடையவை அல்ல. அவன் காதில் விழுந்தவை.

மூன்றாண்டுக்கு முன் அவைக்கு வந்த கடல்வணிகன் ஒருவன், எகிப்திய மன்னர்கள் மாண்டு ஆயிரமாயிரம் ஆண்டு கழிந்தும் கல்லில் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்றும், அக்கல்லின் முன் மக்கள் இன்றும் குனிந்து நடக்கிறார்கள் என்றும் சொன்னது பெருமானுக்கு நினைவிருக்கும். அவ்வளவில் பெருமான் சோற்றில் வைத்த கையை எடுத்து, தமக்கும் அத்தகைய உருவம் ஒன்று, அந்நாட்டுச் சிற்பியின் உளியால், அந்நாட்டுக் கருங்கல்லில், இடக்கால் முன்வைத்து நிற்கும் கோலத்தில், திருமீசை தெளிவாகத் தெரியும்படி வேண்டும் என்று அருளினார். உருவம் இல்லாமல் தூதன் துறையில் கால் வைத்தால் அந்தக் கால் அவனுடையதாக இராது என்றும் சேர்த்து அருளினார். பெருமானின் முகம் எழுதிய ஓவியத் துகில் ஒன்றும், மூன்று பெட்டி மிளகும், இந்த ஆணையும் கொண்டு தூதன் கப்பலேறினான்.

இந்நாட்டு மன்னரைப் பாரோ என்பார்கள். பாரோ அரியணை ஏறிய மறுநாளே அவருக்குக் கல்லறை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நம் நாட்டில் அரசர் உயிரோடிருக்கையில் அவர் கல்லறைக்கு அளவெடுப்பவனைக் கழுவில் ஏற்றுவோம். இங்கே அவனுக்குத் தலைமைச் சிற்பி என்று பட்டம் கட்டுகிறார்கள். பிரமிடுகளைத் தூதன் கண்டான்; பெரியவை, கூரானவை, நிழல் மட்டும் ஒரு சிற்றூர் அளவு. சுவர்களில் மன்னரின் முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கண் நேரே நம்மைப் பார்க்கிறது, தோள்கள் நேராக இருக்கின்றன, கால்கள் மறுபடி பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றன. அப்படி நின்று பார்த்ததில் தூதனுக்கு நான்கு நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. யார் பெரியவர் என்பதைப் பட்டத்தால் அல்ல, உயரத்தால் காட்டுகிறார்கள்: பாரோ எட்டு முழம், அவருடைய அமைச்சர் அவர் முழங்கால் மட்டம், அயல்நாட்டுத் தூதர்கள் வாத்தைவிடச் சற்றே உயரம். இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக வந்த பாரோ பழைய பாரோவின் சிலையில் பெயரைச் சுரண்டித் தம் பெயரைக் கொத்தச் சொல்வார். முகத்தைத் தொட வேண்டியதில்லை. எல்லாம் ஒரே முகம். இதைத் தூதன் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பாரோவின் சிற்பக்கூடத்துத் தலைவன் பெயர் ஓரி. பெயரைக் கேட்டதும் நம் பக்கத்து ஆள் போலிருக்கிறதே என்று தூதன் மகிழ்ந்தான். இந்நாட்டில் அவன் மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான். ஓரி தமிழ் பேசுவான். ஆனால் துறைமுகத்தில் நம் மாலுமிகளிடம் கற்றவன் ஆகையால் அவன் தமிழில் பெருமானுக்கு உரிய சொற்கள் இல்லை. மிளகுப் பெட்டிகளைப் பார்த்தான், துகிலைப் பார்த்தான், திருமீசையைப் பார்த்தான்.

“ஏன்யா தூதரே, உங்க ராசா வீட்ல யாரு செத்தது?”

தூதன் திகைத்து, அரச குடும்பத்தார் யாவரும் நலம் என்று முறைப்படி விடை பகர்ந்தான். இந்நாட்டார் முகத்தை நாள்தோறும் மழிப்பவர்கள் என்பதும், இழவு வீட்டில் மட்டுமே மயிரை வளரவிடுவார்கள் என்பதும் அதன் பின்னரே அவனுக்கு விளங்கின.

பிறகு ஓரி அவனைக் கல் ஒன்றின் அருகே அழைத்துச் சென்று காட்டினான். செதுக்குமுன் கல்லின் மேல் செந்நூலால் கட்டம் போடுகிறார்கள். நிற்கும் மன்னருக்கு உள்ளங்கால் முதல் நெற்றி மயிர் வரை பதினெட்டுக் கட்டம். முழங்கால் இத்தனையாவது கட்டத்தில், தோள் இத்தனையாவதில், மூக்கு இதில், வாய் இதில் என்று ஓரியின் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துக்கும் முந்தியே ஒதுக்கி முடித்துவிட்டார்கள்.

“மூக்குக்கு இடம் இருக்கு, வாய்க்கு இடம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எதுவும் இல்ல. மீசைக்குக் கட்டமே கிடையாது, எங்க போய்ச் செதுக்குறது?”

ஒரு கட்டம் கூட்டிக்கொள்ளக் கூடாதா என்று தூதன் வினவினான். கூட்டலாம் என்றும், கூட்டினால் பெருமானின் முழங்கால் தொடையில் வரும் என்றும் ஓரி விளக்கினான்.

தூதன் இத்துடன் விட்டானில்லை. கோயிலில் நிற்கும் பாரோ சிலைகளின் மோவாயில் நீண்ட தாடி இருப்பதைச் சுட்டி, தாடிக்கு மட்டும் கட்டம் எங்கிருந்து வந்தது என்று மடக்கினான். அது தாடி அல்லவாம். தாடிபோல் பின்னிய ஒன்றைக் காதிலிருந்து வாரால் கட்டிக்கொள்கிறார்களாம். முன்னொரு காலத்தில் ஆண்ட அரசி ஒருத்தியும் அதைக் கட்டிக்கொண்டே சிலையில் நின்றாளாம்.

“வேணும்னா சொல்லும், உங்க ராசாவுக்கும் ஒண்ணு கட்டிவிடுறேன். பொம்பளைக்கே கட்டினது, அவருக்கென்ன.”

இவ்விடையைத் தூதன் அந்த ஆண்டு ஓலையில் எழுதாமல் விட்டான். அதற்காக மன்னிக்க வேண்டும். ஆனால் பெருமானின் ஓலைகள் நில்லாமல் வந்துகொண்டிருந்தன. மீசை எவ்வளவில் இருக்கிறது என்று முதல் ஓலை. முறுக்கு நான்கும் தனித்தனியே எண்ணும்படி இருக்க வேண்டும் என்று இரண்டாவது. சிங்க உடலும் மனிதத் தலையுமாகப் பெரியதொன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டோம், அதற்கு மீசை உண்டா, இல்லையேல் வைக்க இயலுமா என்று மூன்றாவது. அந்தச் சிங்கம் நம் அரண்மனை மதிலைவிட உயரம் என்பதையும், பாலைமணலில் கழுத்தளவு புதைந்து கிடக்கிறது என்பதையும் தூதன் பணிவுடன் எழுதினான். அப்படியானால் தலை எட்டும் உயரத்தில்தானே இருக்கும் என்று நான்காம் ஓலை வந்தது.

ஓரிக்கும் அலுத்துவிட்டது. பழங்காலத்துப் பிரபு ஒருவரின் சிலையில் மீசை கண்டதுண்டு என்று சொல்லி, இரண்டு நாள் கழுதைப் பயணத்தில் தூதனை அழைத்துப் போனான். உண்மைதான். மேலுதட்டில் மையால் ஒரு கோடு; எறும்பு வரிசையாய்ப் போவது போல. தூதன் அதைப் பார்த்தான், கழுதையைப் பார்த்தான், ஏறித் திரும்பினான்.

சென்ற திங்கள் பெருமானின் சிலை முடிந்தது. ஆளுயரம்; பளபளக்கும் கருங்கல்; இடக்கால் முன்னே; நெற்றியில் நாகம்; மூக்கும் வாயும் அவற்றவற்றின் கட்டத்தில். மிகச் சிறந்த வேலை. அதைத் தூதன் ஒரு பகல் முழுக்கச் சுற்றி வந்து பார்த்தான். பெருமானைப் போலவும் இருந்தது. பெருமானின் பகைவரைப் போலவும் இருந்தது. கோயில் வாசலில் நிற்கும் ஏழு பாரோக்களைப் போல மிகவும் இருந்தது. பீடத்தில் கொத்திய பெயர் ஒன்றே பெருமானுடையது. அதையும் நாளை எவனாவது சுரண்டினால் ஐந்து நொடியில் வேறொருவர் ஆகிவிடுவார். ஆனாலும் உருவம் உருவம்தான். மீகாமன் நக்கனின் கப்பல் துறையில் நின்றது. ஊர் போய்ச் சேரலாம் என்று தூதன் மூட்டை கட்டினான்.

கப்பலேறுவதற்கு ஐந்து நாள் முன்பு விடைபெறச் சிற்பக்கூடத்துக்குப் போனான். முற்றத்தில் பணியாட்கள் ஒரு கல்லைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூதன் அதைக் கண்டதும் தன்னை அறியாமல் கைகுவித்து, நெடுஞ்சாண்கிடையாய் மண்ணில் விழுந்தான்.

பெருமான் இருந்தார். அந்த நெற்றி, வேட்டையில் தழும்பேறிய அந்த வலப் புருவம், சோறு ஆறிப்போனால் கோணும் அந்த வாய், நான்கு முறுக்கும் எண்ணிக்கொள்ளும்படியான அந்த மீசை. மூச்சு ஒன்றுதான் இல்லை. தலை தூக்கிப் பார்த்தபின்புதான் பெருமான் மண்டியிட்டிருப்பதும், முழங்கைகள் முதுகுப்புறம் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதும் தூதன் கண்ணில் பட்டன. பணியாட்கள் சிரித்தார்கள். கைதிச் சிலையைக் கும்பிட்டவனை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

நடந்தது இதுதான். இவ்வாண்டு அரியணை ஏறிய புதிய பாரோவின் சிலைக்கு அடியில், அவர் பாதம் பதியும் மேடையைச் சுமக்க, ஒன்பது பகைவர் மண்டியிட்டிருக்க வேண்டும் என்பது இந்நாட்டு மரபு. ஓரியிடம் எட்டுக் கைதிகள் இருந்தார்கள். ஒன்பதாவது முகம் கிடைக்காமல் தவித்தவன் கண்ணில் நம் துகில் பட்டிருக்கிறது. தூதன் அறிந்த வசைகளையெல்லாம் இரு மொழியிலும் சொல்லி முடித்தான். ஓரி பொறுமையாகக் கேட்டான்.

“மூணு வருசமா மீசை மீசைன்னு என் உசுர எடுத்தீரே. இந்தா, வச்சிட்டேன். இதையாச்சும் பாத்து ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லும்.”

மன்னர் சிலையில் ஏன் இப்படிச் செய்யவில்லை என்று தூதன் கேட்டான்.

“ராசாவுக்குக் கட்டம் இருக்கு. கைதிக்குத்தான் மூஞ்சி இருக்கு. கைதியை எப்படிச் செதுக்கினாலும் இங்க யாரும் கேக்க மாட்டான், அதான் எங்களுக்கும் ஆசையா இருக்கும்.”

பெருமானே, அது அழகாக இருந்தது. அதைத் தூதன் இங்கே ஒப்புக்கொள்கிறான், ஓரியிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து பதினாறாம் நாள் திருவிழாவில் அந்தத் திருமுகம் மேடைக்கு அடியில் போகும். பாரோவின் பாதம் அதன் மேல் பதியும். இந்நாட்டுக் கல் எத்தனை ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பதை மேலே எழுதியிருக்கிறான். நம் பெருமான் அத்தனை ஆண்டும் பிறன் காலடியில் இருப்பதைப் பொறுக்காமல், அந்தச் சிலையைத் தந்துவிடும்படி மன்றாடினான். தந்தால் எட்டுத்தான் இருக்கும், எட்டுப் பகைவரோடு எந்தப் பாரோவும் ஏறி நிற்க மாட்டார், தன் தலை போய்விடும் என்று ஓரி கையை விரித்தான். புதிதாக ஒன்று செதுக்கலாமே என்றான் தூதன். கல் இருக்கிறது, முகம் யாருடையது என்றான் ஓரி. பிறகு தூதனின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தூதனின் மீசை பெருமானுடையதற்கு ஈடல்ல. பக்கத்துக்கு ஒரு முறுக்கே. போதுமானது என்று ஓரி தீர்ப்பளித்தான்.

திருவிழா நாள்வரை தூதன் அசையாமல் மண்டியிட்டாக வேண்டும். கப்பல் அதுவரை நில்லாது. அவன் நிலையைக் கேள்வியுற்ற மீகாமன் நக்கன் துறையிலிருந்து ஓடிவந்து, மண்டியிட்டிருந்தவன் அருகே குந்திக்கொண்டு பேசினான்.

“அண்ணே, இந்தக் காத்து போனா அடுத்த வருசந்தான். கல்லுக்காக ஒரு மனுசன் கெடப்பானா? எந்திரிங்க, போயிரலாம். ராசாவுக்கு யாருண்ணே சொல்லப் போறா?”

அச்சொல்லில் நியாயம் இருந்ததைத் தூதன் மறைக்கவில்லை. எழுந்திருக்கவும் முயன்றான். முற்றத்தின் மறுகோடியில் வைக்கோல் சுற்றப்படாமல் பெருமான் கை கட்டுண்டு இருந்தார், இவனையே பார்த்தார். மூன்றாண்டாக அந்த மீசையால் பட்ட பாட்டுக்கு அதை அங்கேயே விட்டுவரத் தூதனுக்கு முழு உரிமை உண்டு என்பதே அவன் துணிபு. ஆயினும் முழங்கால் மறுபடி மடிந்துவிட்டது. இதற்குக் காரணம் பக்தி என்று அவையில் எவரேனும் சொன்னால், அலுப்பு என்று திருத்துமாறு வேண்டுகிறான்.

ஆகவே பெருமான் திருச்சமூகத்துக்கு இரண்டு பெட்டிகள் வருகின்றன. ஒன்றில் நிமிர்ந்து நிற்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று பீடத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மற்றதில் பெருமானே இருக்கிறார், மண்டியிட்டிருக்கிறார். எதை அரண்மனை வாயிலில் நிறுத்துவது, எதை உள்ளே வைப்பது, தனித்திருக்கையில் எதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பதெல்லாம் திருவுள்ளம். கயிற்றை மட்டும் உளியால் எடுத்துவிடலாமே என்று நம் சிற்பிகள் சொல்வார்கள். எடுக்க விடவேண்டாம், கை இரண்டும் முதுகோடு ஒரே கல், கயிறு போனால் கையும் போகும்.

ஆணை கேட்க வேண்டிய இடத்தில் தூதன் ஒன்றே கேட்கிறான். அடுத்த காற்றில் ஒரு கப்பல் வரவேண்டும். அதில் ஓலை எதுவும் வரக்கூடாது. யானைமேல் அமர்ந்த கோலம் என்றொரு எண்ணம் இந்நேரம் பெருமானுக்குத் தோன்றியிருந்தால், அதைத் தோன்றிய இடத்திலேயே விட்டருள்க.

முகமும் மார்பும் முடிந்துவிட்டன. ஓரி நன்றாகவே செய்திருக்கிறான். இவ்வோலை ஏழு ஏடுகளும் மண்டியிட்டபடி தொடைமேல் வைத்துக் கீறியவை. எழுத்துக் கோணலுக்கு அதுவே காரணம். கப்பல் விடியலில் போகிறது. நாளை முதல் கைகளின் முறை.

செங்கோல் சாயாதிருக்க. முத்தாற்று நாட்டார் ஒருவரும் யாருக்கும் முழந்தாளிடாதிருக்க. இது தூதன் ஆதன் சேந்தன் எழுத்து. அவன் மோதிரத்தை அரக்கில் அழுத்தி இட்ட முத்திரை. முத்திரை சற்று நகர்ந்திருப்பதைக் கண்டு ஓலை போலியென்று தள்ளவேண்டாம். அழுத்தும்போதே பணியாள் கயிற்றைக் கொண்டுவந்து முழங்கையை அளந்துகொண்டிருந்தான்.