மச்சம் படாத தண்ணீர்

2018 பெப்ரவரி 4, ஞாயிறு. சோலோதுர்ன், சுவிஸ்.

புகார் மூட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

தொட்டித் தண்ணீர் மாற்றினேன். இந்த வாரம் இரண்டாம் தடவை. மணலில் மண்ணிறமாக ஒரு வழுவழுப்பு. மூக்குச்சளி மாதிரி, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழி. காலையில் உறிஞ்சி எடுத்தால் மத்தியானம் திரும்ப நிற்கிறது. பவளம் அடியிலிருந்து வெளிறுகிறது.

தொட்டி நிருவுடையது. நிரு எங்கள் மகன், ஒரே பிள்ளை. போன மாதம் உள்ளரங்கில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவன் விழுந்தான். இருதயம். இருபத்தேழு வயது. ஊரிலும் இங்கேயுமாக எத்தனையோ வீட்டுச் சாவுகளைப் பத்திரிகைக்கு எழுதினவன் நான். இதற்கு மேல் இதை எழுத வரவில்லை. ஆகவே தொட்டியைப் பற்றி.

ஓர் ஆள் நீளம். உப்புத் தண்ணீர். மஞ்சள் மீன் ஒன்று, கோமாளி மீன் இரண்டு, நத்தைகள். நடுவில் கிளைப் பவளம். ஊதா, நுனிகள் மட்டும் நீலம். விரலளவு துண்டாக வந்தது. இப்போது என் இரண்டு உள்ளங்கையையும் விரித்த அகலம்.

நிருவின் அம்மா வசந்தி நாள் முழுக்க அதன் முன்னால். கதிரையை அங்கேயே போட்டுவிட்டாள். சோறும் ரசமும் இரண்டு வாய், அவ்வளவுதான். இன்று என்னோடு கதைத்தது இது மட்டும்:

"இது சாகுதோ?"

"தெரியேல்லை. விசாரிக்கிறன்."

"பேப்பர்காரன் மாதிரிக் கதையாதேங்கோ."

பெப். 6, செவ்வாய்.

வாங்க: தொட்டிக்கு உப்பு. பால். கற்பூரம். கடதாசிக் கோப்பை. ஆட்கள் இன்னும் வருகிறார்கள்.

மச்சாள், அதாவது வசந்தியின் அக்கா, ஓர்லிகோனிலிருந்து வந்து நிற்கிறா. செத்தவீட்டன்று வந்தவ, முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்துதான் போவா. சமையல், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, மீனுக்குச் சாப்பாடு, எல்லாம் அவ கையில். அவ இல்லாவிட்டால் இந்த வீட்டில் அடுப்பு எரிந்திராது. இதை அவவிடம் இன்னும் சொல்லவில்லை.

ரேத்தோவுக்கு அழைத்தேன். நிருவோடு வேலை செய்தவன், துன் நகரில் இருக்கிறான், அவனிடமும் இப்படித் தொட்டி உண்டு. எங்கள் பவளம் அவன் கொடுத்த துண்டுதான். மண்ணிற வழுவழுப்பைச் சொன்னேன். எத்தனை தடவை தண்ணீர் மாற்றினேன் என்று கேட்டான். பிறகு: "இனித் தண்ணீர் மாற்றாதீர்கள். ஒரு சொட்டுக்கூட. வியாழன் வருகிறேன்."

அழுக்கு என்று நினைத்து நான் கழுவக் கழுவ அது கூடுகிறதாம். விளங்கவில்லை.

பெப். 8, வியாழன்.

ஈரப்பனி. ரேத்தோ காரில் வந்தான், சோதனைப் பெட்டியும் ஒரு குளிர்ப்பையுமாக. வசந்தியைக் கட்டிப்பிடித்தான். அவள் விட்டுக்கொடுத்து நின்றாள்.

சின்னக் குழாயில் தண்ணீர், சொட்டு மருந்து, தூள். குலுக்கிவிட்டு நிற அட்டையோடு பிடித்தான். நைத்திரேற்று: நிறமே இல்லை. பொஸ்பேற்று: அதுவும் இல்லை. நல்லதுதானே என்றேன். தலையை ஆட்டினான்.

"த்சு ஸூபர்." மிதமிஞ்சிச் சுத்தமாம்.

அவன் சொன்னதை எழுதி வைக்கிறேன். மீன் சாப்பிடும், கழிக்கும். அந்தக் கழிவில் இந்த இரண்டு சத்தும். கூடினால் பாசி, அடியோடு இல்லாமல் போனால் பவளம் பட்டினி. நல்ல பாசியும் செத்துவிட, காலியான இடத்தில் இந்தச் சளி குடியேறும். இரண்டில் ஒன்று மட்டும் கூடிக் குறைந்தாலும் கேடு. நிரு மீனுக்கு நிறையப் போடுவான், அந்த அளவுக்குத்தான் கருவிகளையும் பூட்டியிருந்தான். கருவிகள் இன்றும் அதே வேகத்தில் இழுக்கின்றன. உள்ளே ஒன்றும் போகவில்லை.

மச்சாள் குசினிக்குள்ளிருந்து: "சுத்தம் கூடி ஆரும் செத்தவையோ? விசர்க்கதை."

சளிக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் டினோ. வசந்தி அந்தச் சொல்லுக்குத் திரும்பினாள். "என்ன டினோ?" நிருவின் பிளாஸ்ரிக் டைனோசர்கள் இன்னும் நிலக்கீழ் அறையில், ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்.

"மீன்களுக்கு யார் போடுவது? என்ன போடுகிறீர்கள்?" என்றான் ரேத்தோ. மச்சாளிடம் தமிழில் கேட்டேன்.

"நான்தான். அந்தப் பச்சைத் தாள். கிளிப்பில கொழுவி விடுறன்."

கடற்பாசித் தாள். மஞ்சள் மீன் கொறிக்கும், கோமாளிகள் தொடமாட்டா.

"உறைபெட்டியில சின்னச் சின்னக் கட்டியா இருந்துதே, மச்சாள்? கூனி இறால்?"

"அதோ? செத்தவீட்டண்டே எறிஞ்சுபோட்டன். கோழி, மீன், அது, எல்லாம். துடக்கு வீட்டுக்குள்ள மச்சம் வைக்கலாமே?"

ரேத்தோ என் முகத்தைப் பார்த்தான். மொழிபெயர்த்தேன்: சாவு நடந்த வீட்டில் முப்பத்தோராம் நாள்வரை மச்சம் இல்லை, மீன் இறைச்சி ஒன்றும் வாசல் தாண்டாது. அவன் மரியாதையாகக் கேட்டான். பிறகு தொட்டியைக் காட்டினான்.

"ஆனால் இவை மீன்கள்."

அதையும் மொழிபெயர்த்தேன்.

"மீன் எண்டாப்போல? துடக்கு வீட்டு மீன்தானே. கொஞ்ச நாளைக்குச் சைவமா இருந்தா என்ன குறைஞ்சு போகும்?"

வசந்தி சிரித்துவிட்டாள். நிரு போனபின் முதல் தடவை. சிரிப்பு நடுவில் வேறாகிவிட்டது. மச்சாள் ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டா.

ரேத்தோ நுரை எடுக்கும் கருவியைத் தணித்தான். பொஸ்பேற்று உறிஞ்சுகிற செந்நிறக் குறுணிகளைக் கழற்றிக் கொட்டினான். குளிர்ப்பையில் அவனுடைய கூனி இறால் இருந்தது. மச்சாள் வாசலிலேயே மறித்துவிட்டா. கடைசியில் பையை பல்கனியில் வைத்தோம். பனிக்குள். வீட்டுக்கு வெளியே, ஆகவே குற்றமில்லை.

போகும்போது அவன் எப்போதும் சொல்வதுபோல, நல்ல தெளிவாக: "போட்டு வாறன், அம்மா."

நிரு பழக்கிவிட்ட ஒரே தமிழ். இங்கத்தைய ஆட்கள் பிரியும்போது சொல்கிற 'அடே' நிருவுக்குப் பிடிக்காது. (மச்சாளுக்கும்தான். வந்த புதிதில், "ஆரைப் பாத்து அடே எண்டுறான்?" என்று பஸ் ஓட்டுநரோடு கொழுவினவ.) ஆனால் செத்தவீட்டில் நாங்கள் ஒருவரும் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். சொன்னால் சாவு திரும்ப அந்த வாசலுக்கு வரும் என்று பயம்.

மச்சாளின் கை வாய்க்குப் போயிற்று. கதவு மூடியபின்னும் வசந்தி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப். 9, வெள்ளி.

வெளுப்பு இரண்டு விரல் மேலே ஏறியிருக்கிறது. பை பல்கனியில்.

மச்சாளோடு கதைத்துப் பார்த்தேன். அவ முரண்டு பிடிக்கவில்லை. பயப்படுகிறா. "நான் சொல்லி ஒரு குறை விட்டு, அது அந்தப் பிள்ளையின்ர ஆத்துமாவுக்குப் போய்ச் சேந்தா ஆர் பதில் சொல்லுறது?"

வசந்தியைக் கேட்டேன். தோளை அசைத்தாள்.

பெப். 11, ஞாயிறு.

ரேத்தோ தொலைபேசியில். படம் அனுப்பியிருந்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது, உயிருள்ள நுனிகளை இப்போதே வெட்டினால் தன் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்கிறான். இங்கே தண்ணீர் தேறுவதற்குள் பவளம் தாங்காது. நாளைக்கே வரத் தயார்.

வசந்தியிடம் சொன்னேன். தொட்டியை விட்டுக் கண் எடுக்காமல்:

"இந்த வீட்டை விட்டு இனி ஒண்டும் வெளிய போகாது."

"விட்டா செத்துப்போயிடும்."

"இஞ்சயே சாகட்டும்."

ரேத்தோவிடம், "இப்போது வேண்டாம்" என்றேன்.

கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வசந்தியின் வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது.

பெப். 12, திங்கள்.

வெளியே போட்டது எல்லாம் உறைகிற குளிர். வெயில்.

காலைத் தேத்தண்ணி முடிய வசந்தி எழும்பிப் பல்கனிக் கதவைத் திறந்தாள். செருப்பில்லாமல் பனிக்குள் கால் வைத்துப் பையை எடுத்தாள். மச்சாள் குசினி வாசலில்.

"வசந்தி. இன்னும் அஞ்சு நாள்தானே, பிள்ளை."

"எட்டுச் செலவுக்கு அவனுக்கு இறால் வைச்சனீங்களோ, அக்கா?"

எட்டாம் நாள் படையலில், போனவருக்குப் பிடித்தது எதுவோ அதை வைப்பது ஊரில் வழக்கம். மச்சம் என்றாலும் அன்று வைப்பார்கள். நிருவுக்கு இறால் என்றால் உயிர். அன்று வசந்தி கட்டிலை விட்டு எழும்பவில்லை. மச்சாள் தனக்குத் தெரிந்த மரக்கறிப் படையலைப் போட்டா.

"நான் எழும்பேல்லை. அது என்ர பிழை. இப்ப வைக்கிறன்."

கட்டி ஒன்றைக் கோப்பையில் போட்டு, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்தாள். ஊற்றினாள். கோமாளிகள் ஒரு கணம் நின்றன, பிறகு பாய்ந்தன. மஞ்சள் மீனும். தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன இறால்.

மச்சாள் சாமிப்படத்துப் பக்கம் திரும்பி நின்றா. போய்விட்டா என்று நினைத்தேன். சற்றுக் கழித்துப் பின்னாலிருந்து:

"அந்தக் கட்டையனுக்குக் கிடைக்கேல்லை. பெரியவன் எல்லாத்தையும் விழுங்கிறான். அங்கால ஊத்து."

பெப். 15, வியாழன்.

நிரு வைத்திருந்த சோதனைப் பெட்டியால் நானே அளந்தேன். நைத்திரேற்றுக் குழாயில் மெல்லிய இளஞ்சிவப்பு. முதலில் நம்பவில்லை, திரும்பச் செய்தேன். பொஸ்பேற்று இன்னும் இல்லை. ஒன்று எழும்பினது, மற்றது படுத்திருக்கிறது. ரேத்தோ: "பொறுங்கள். தொடர்ந்து போடுங்கள்." சளி கொஞ்சம் மெலிந்திருக்கிறது. தொட்டி பிழைக்கும் போலிருக்கிறது. பவளம் அப்படியில்லை. மூன்று நான்கு நுனிகளில்தான் இன்னும் ஊதா. மிச்சம் எலும்பு.

அந்த விடைபெறுகிற சொல் செத்தவீட்டில் ஆகாது என்று அவனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது படுகிறது. நீண்ட நேரம் மன்னிப்புக் கேட்டான். "நிரு எனக்கு இதைச் சொல்லித் தரவில்லையே."

நிருவுக்கே தெரிந்திருக்காது. சாவு வீட்டு முறைகளைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற அவசரம் எங்களுக்கு இருக்கவில்லை.

பெப். 17, சனி.

முப்பத்தொன்று. மெல்லிய மழை. ஐயர் நேரத்துக்கு வந்தார். ஆற்றங்கரையில் சாம்பலைக் கரைத்தோம். தண்ணீர் பச்சை, வேகம். வசந்தி குந்தியிருந்து கையை உள்ளே வைத்திருந்தாள்.

"இது கடலுக்குப் போகுமோ?"

"போகும். ரைன் ஆத்தோட சேந்து வடகடலுக்கு."

"எத்தினை நாள்?"

"தெரியேல்லை."

இந்தத் தடவை பேப்பர்காரன் என்று சொல்லவில்லை.

கையைத் துடைக்காமல் வீடுவரை வந்தாள். "கடல் இல்லாத ஊரில உப்பு வாங்கிக் கரைச்சுக் கரைச்சுக் கடல் செய்தவன்," என்றாள், படியேறும்போது, யாருக்கும் இல்லாமல்.

சாப்பாடு. ஆட்கள். இரைச்சல். யாரோ ஒருவர் தொட்டிக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். மச்சாள் அவரை ஒரு பார்வை. "தட்டாதேங்கோ. அதுகள் இப்பதான் சாப்பிட்டதுகள்."

பின்னேரம் எல்லாரும் போனபின், வசந்தி: "அந்தப் பெடியனை வரச்சொல்லுங்கோ."

பெப். 18, ஞாயிறு.

புகார் விலகி யூரா மலை தெரிகிறது. மச்சாள் காலை ரயிலில் போனா. வாசலில் என்னிடம், "அவளைச் சாப்பிடப் பண்ணுங்கோ." அவ சமைக்காவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று சொன்னேன். "விடுங்கோ," என்றா, கண்ணைத் துடைத்தா.

ரேத்தோ மத்தியானம். சப்பாத்தைச் சத்தமில்லாமல் கழற்றினான். கத்தரி மாதிரி ஒரு குறடு. நுனிகளைத் தொடப்போனவனை வசந்தி நிறுத்தினாள்.

"நான் வெட்டுறன்."

முழங்கைவரை தண்ணீருக்குள். மூன்று துண்டு. ஒவ்வொன்றும் ஒரு விரல் அளவு. வெட்டும்போது சின்னச் சத்தம், கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்டது. தொட்டித் தண்ணீர் நிரப்பிய பைகள், பைகள் ஒரு பெட்டிக்குள். ரேத்தோ சொன்னான், பிழைக்குமா என்று தெரியாது, ஒன்றாவது வரலாம். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு இவ்வளவு ஜெர்மன் விளங்கும்.

பெட்டியைத் தூக்கினான். தலையை மட்டும் குனிந்தான். ஒன்றும் சொல்லாமல் கதவுக்கு வெளியே போனான், நான் சொல்லிக்கொடுத்தபடி. படியில் அரைவாசி இறங்கிவிட்டான்.

வசந்தி கையில் தண்ணீர் வடிய வாசலுக்குப் போனாள்.

"ரேத்தோ. ஏன் சொல்லாமப் போறாய்?"

அவன் நின்று என்னைப் பார்த்தான். சொல்லலாம் என்று நான் தலையாட்டினேன்.

"போட்டு வாறன், அம்மா."

"போட்டு வா."

ஜன்னலால் பார்த்தேன். பெட்டியை முன் இருக்கையில், நிரு எப்போதும் இருக்கிற பக்கம் வைத்தான். வைத்துவிட்டு, இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினான்.